பந்தயக் குதிரைகளின் பாதுகாப்பும், அடிபட்டு அஞ்சிய குதிரைகளைத் தேற்றும் முறைகளும்

அரக்கோணம், திருத்தணிப் பிரதேசத்துக் குடியானவர்களுக்குக் குதிரை புதிய பிராணியன்று. 1856-ம் வருஷம் ஜூலை மாதம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை நம் ஊர்களின் வழியாகவே திறக்கப்பட்டது. அதன் பின்னர் நெடுங்காலம், ரயிலடிகளில் இறங்குவோரை ஊருக்குள் கொண்டு சேர்த்தவை ஜட்கா வண்டிகளே. இன்று ஜட்காக்கள் அநேகமாய் மறைந்துவிட்டன. ஆயினும் குதிரை வளர்ப்பு மறைந்துவிடவில்லை. ஈரோடு ஜில்லாவில் அந்தியூர் குருநாதசுவாமி கோவிலில் ஆடி மாதந்தோறும் கூடும் சந்தைக்குக் கத்தியவாரி, மார்வாரி முதலிய ஜாதிக் குதிரைகள் விற்பனைக்கு வருகின்றன. தூத்துக்குடி, ராமநாதபுரம், சிவகங்கை முதலிய தென் ஜில்லாக்களில் கோவில் திருவிழாக்களையொட்டிக் குதிரை வண்டிப் பந்தயங்கள் இன்றும் நடைபெற்று வருகின்றன. நம் பக்கத்திலும் வசதியுள்ள நிலச்சுவான்தார்களிற் சிலர் ஒன்றிரண்டு குதிரைகளை ஆசைக்காக வளர்த்து, இத்தகைய பந்தயங்களுக்கு அனுப்ப விரும்புகின்றனர்.

குதிரை வாங்கப் பெரும் பணம் செலவிடுவோர், அதைப் பாதுகாக்கும் முறையை அறிந்துகொள்ள அதிற் பத்திலொரு பங்கு சிரத்தையும் எடுத்துக்கொள்வதில்லை. இக்குறை நம் நாட்டில் மிகப் பழையது. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ என்ற வெனிஸ் நகர யாத்திரிகர், கடல் கடந்து ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கப்பட்ட குதிரைகள் இங்கே ஒரு வருஷத்திற்குள் பெரும்பாலும் மடிந்துபோயின என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தவர்களும் வைத்தியம் செய்பவர்களும் இல்லாமையே அதற்குக் காரணம் என்றும் எழுதி வைத்திருக்கிறார். எழுநூறு வருஷங்களுக்குப் பின்னரும் அதே காரணத்தால் ஒரு குதிரை மடியுமாயின், அஃது அறியாமையால் நேர்ந்ததென்று சொல்லித் தப்பிக்க நமக்கு வழியில்லை. மிருக வைத்தியத்துறை இப்பொழுது நன்கு வளர்ந்திருக்கிறது. ஆகவே பந்தயத்திற்கு முன்னும், பந்தயத்தின்போதும், விபத்து நேர்ந்த பின்னரும் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டிய விஷயங்களை இங்கே சுருக்கமாக எடுத்துரைப்போம்.

சட்டம் கூறுவது யாது?

காளைகளைப் பற்றிய சட்ட விவகாரம் யாவரும் அறிந்ததே. 2014-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயங்களையும் தடை செய்தனர். 2017-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் மிருக வதைத் தடுப்புச் சட்டத்திற்குத் திருத்தம் கொண்டுவந்தனர். 2023-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நம் வட ஆற்காட்டுப் பிரதேசத்திற்கே உரிய எருதுவிடும் விழாவும் அத்திருத்தத்தில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளது.

ஆனால் இவ்விடத்தில் ஒரு விஷயத்தைக் கிராம அதிகாரிகள் முக்கியமாகக் கவனித்தல் வேண்டும். மேற்படி திருத்தம் காளைகளுக்கு மட்டுமே உரியது. குதிரைகளுக்கு அதனால் யாதொரு விலக்கும் கிடையாது. குதிரைப் பந்தயங்கள் 1960-ம் வருஷத்து மிருக வதைத் தடுப்புச் சட்டத்திற்கும், அதன் கீழ் ஏற்பட்ட விதிகளுக்கும் முழுவதும் கட்டுப்பட்டவை. 2001-ம் வருஷத்து வேடிக்கைப் பிராணிகள் பதிவு விதிகளின்படி, பொதுஜனங்கள் வந்து காணும் குதிரைப் போட்டிகளில் ஈடுபடுத்தப்படும் குதிரையும் பதிவு செய்யப்பட வேண்டிய பிராணியேயாம். 1965-ம் வருஷத்து வண்டி இழுக்கும் பிராணிகள் பற்றிய விதிகள் பின்வருவனவற்றைத் தெளிவாகக் கூறுகின்றன: 

(1) நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்திற்கு மேலும், இடையில் ஓய்வின்றி 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது. 

(2) வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரையில் வண்டியில் பூட்டலாகாது. 

(3) முள் பதித்த கோல், முள் அல்லது குமிழ் உள்ள கடிவாளம், கூர்மையான சேணச் சாமான்கள் ஆகியவற்றை உபயோகிக்கலாகாது.

சித்திரை, வைகாசி மாதங்களில் நம் ஜில்லாவின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமாதலின், இரண்டாவது விதி நமக்கு மிகவும் பொருந்தும். மூன்றாவது விதி பந்தயக்காரர்களால் அதிகமாக மீறப்படுவது. முள் கடிவாளத்தினால் நாவும் வாயோரமும் கிழிந்த குதிரை, வலிக்கு அஞ்சித் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடும். தலையைத் தூக்கிய குதிரைக்குத் தன் முன்னங்கால் படும் நிலம் தெரியாது. ஆகவே குதிரையை அடக்குவதற்கென்று மாட்டப்படும் கருவியே அதைக் குப்புற விழச் செய்கிறது.

குதிரையின் உடலமைப்பு

குதிரைக்கு நேரும் விபத்துகளைப் புரிந்துகொள்ள அதன் உடலமைப்பைச் சிறிது அறிதல் அவசியம். மாடு பிளவுபட்ட குளம்பால், இரண்டு விரல்களின் மேல் நிற்கிறது. குதிரையோ காலுக்கு ஒரே விரலின் மேல் நிற்கிறது. முழங்காலுக்குக் கீழே அதற்குத் தசை கிடையாது. எலும்பும், நரம்புக் கயிறு போன்ற தசைநாண்களும், தோலுமே உள்ளன. நாலு கால் பாய்ச்சலில் ஒரு கணம் உடலின் முழுப் பாரமும் ஒரே காலின்மேல் இறங்குகிறது. அப்பொழுது முன்னங்காலின் பின்புறத்திலுள்ள தசைநாண் அறுபடும் எல்லை வரையில் நீள்கிறது. குண்டும் குழியுமான தரையிலோ, களைப்புற்ற நிலையிலோ ஓடும்பொழுது அந்த எல்லை தாண்டப்படுகிறது. கெட்டியான தார் ரோட்டில் குளம்பின் அதிர்ச்சி எலும்பிலேயே இறங்கிவிடுகிறது.

குதிரையின் வயதையும் கவனித்தல் வேண்டும். காளையின் பல்லைப் பார்த்து வயது சொல்லத் தெரிந்த குடியானவர்களுக்குக் குதிரையின் பல்லும் எளிதில் விளங்கும். முன்வாயின் நடுப் பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரை வயதிலும், கடைப் பற்கள் நாலரை வயதிலும் மாறி முளைத்து, 5 வயதில் வாய் நிறைகின்றது. முதுகெலும்பின் வளரும் பாகங்கள் முற்றுவதற்கு 5 வயதுக்கு மேலும் ஆகிறது. ஆகையால் கடைப் பல் மாறாத குதிரையைப் பந்தய வண்டியிற் பூட்டாதிருப்பதே உத்தமம்.

குதிரையின் இயல்பான நிலையை எஜமானர் ஒவ்வொருவரும் எண்களால் அறிந்து வைத்திருக்க வேண்டும். லாயத்தில் அமைதியாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிஷத்திற்கு 28 முதல் 44 வரை. சுவாசம் 8 முதல் 16 வரை. உடல் வெப்பம் 99.5 முதல் 101.5 டிகிரி பாரன்ஹீட் வரை. கீழ்த்தாடை எலும்பின் உள்ளோரத்தில் விரலை வைத்தால் நாடி தெரியும். ஈறு வெளிர் சிவப்பாக இருத்தல் வேண்டும்; விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். இவற்றைச் சுகமான நாட்களில் பத்துத் தடவையாவது பார்த்துக் கைப்பழக்கம் செய்துகொண்டவருக்கே, ஆபத்துக் காலத்தில் வித்தியாசம் புலப்படும்.

பந்தயம் நடத்துவோர் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

பந்தயத்தில் நேரும் விபத்துகளிற் பலவும் முன்னேற்பாட்டினால் தவிர்க்கக் கூடியவை. மேல்நாட்டுப் பிரசித்தமான பந்தயங்களிலும் இது கண்கூடு. இங்கிலாந்தில் எயின்ட்ரீ என்னுமிடத்தில் நடைபெறும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் குதிரைகள் தடுப்புகளில் மோதி மடிவதைக் குறைக்கும்பொருட்டு, 2013-ம் வருஷத்தில் தடுப்புகளின் உள்ளே இருந்த மரக்கட்டைகளை நீக்கி, வளைந்து கொடுக்கும் பொருளை வைத்தனர். 2024-ம் வருஷத்தில் ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையை 40-லிருந்து 34-ஆகக் குறைத்தனர். அத்துணைப் பழமையான பந்தயத்தையே மாற்றிக்கொள்ளத் துணிந்தனரெனில், நம் ஊர்ப் பந்தயங்களை மாற்றியமைப்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. கீழ்க்கண்ட ஏற்பாடுகள் நம் நிலைமைக்கு ஏற்றவை.

1. பாதை: தார் ரோட்டை விட, கல் பொறுக்கிச் சமன் செய்து முதல் நாள் மாலையில் நீர் தெளித்த மண் பாதையே நல்லது. முன் சென்ற வழியே திரும்பி வரும்படியான பந்தயத்தில், முன் செல்லும் வண்டியும் திரும்பி வரும் வண்டியும் நேருக்கு நேர் மோதக் கூடுமாதலின், போக்குக்கும் வரவுக்கும் தனித்தனிப் பாதை வேண்டும். முடிவெல்லைக்கு அப்பால், குதிரை தானாக வேகம் தணிவதற்குப் போதிய தூரம் ஜனங்கள் நிற்காமல் விடப்படல் வேண்டும்.

2. ஜனக்கூட்டம்: இருபுறமும் சவுக்குக் கட்டையால் வேலி அமைத்து, கூட்டத்தை அதற்கு அப்பால் நிறுத்த வேண்டும். வண்டியுடன் மோட்டார் சைக்கிள்களில் கூவிக்கொண்டும் ஒலி எழுப்பிக்கொண்டும் தொடர்ந்து ஓடும் வழக்கத்தை அறவே நிறுத்த வேண்டும். ஒரு குதிரை தடுக்கி விழுந்தால், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் அதன் மேல் ஏறுவதைத் தடுக்க அவகாசம் இராது. வேட்டும் ஒலிபெருக்கியும் புறப்படும் இடத்திற்குத் தொலைவில் இருக்கட்டும்.

3. காலம்: காலை 9 மணிக்குள் எல்லாப் பந்தயங்களையும் முடித்துவிடல் நலம். ஊர்ப் பிரமுகர் வரவிற்காகப் பூட்டிய குதிரைகளை வெயிலில் நிறுத்தி வைப்பது பெரும் தவறு.

4. பரிசோதனை: ஓடுவதற்கு முன் ஒவ்வொரு குதிரையையும் மிருக வைத்தியர் நடக்கவிட்டும் ஓடவிட்டும் பார்த்து, நொண்டுவதையும், வாயில் புண் உள்ளதையும், மருந்து அல்லது சாராயம் கொடுக்கப்பட்டதையும் விலக்கிவிட வேண்டும். நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் இடையிடையே குதிரைகளை நிறுத்தி, குறித்த நிமிஷங்களுக்குள் நாடித்துடிப்பு 64-க்கு இறங்காத குதிரையைப் போட்டியிலிருந்து நீக்கிவிடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ஒரே நாளில் இரண்டு சுற்று ஓடவிடும் நம் பந்தயங்களில் இரண்டாம் சுற்றுக்கு முன் இவ்விதியைக் கையாளலாம். கடிகாரமும் இரண்டு விரல்களும் தவிர இதற்கு வேறு கருவி வேண்டுவதில்லை.

5. பிரிவு: கொங்கு நாட்டு ரேக்ளாப் பந்தயங்களில் காளைகளைப் பல்லைப் பார்த்து வயதுப்படி பிரித்து, 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரத்தை வரையறுத்து ஓட்டுவர். குதிரைகளுக்கும் உயரத்தையும் வயதையும் பார்த்துப் பிரிவும் தூரமும் வரையறுத்தல் வேண்டும்.

6. நோய்த் தடுப்பு: வெளியூர்க் குதிரைகள் கூடுமிடத்தில் கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொத்து நோய் பரவக் கூடும். அது மனிதருக்கும் தொற்றும். மூக்கில் சளியும் தோலில் கட்டிகளும் உள்ள குதிரையைச் சேர்க்கலாகாது. 2009-ம் வருஷத்துத் தொத்து நோய்ச் சட்டப்படி அதைப் பற்றி அதிகாரிகளுக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

குதிரை விழுந்தால் முதலிற் செய்ய வேண்டியது

விழுந்த குதிரையைச் சுற்றி நூறு பேர் கூடி, வாலைப் பிடித்தும் காலைப் பிடித்தும் இழுப்பதே நாம் காணும் காட்சி. இதனால் முறியாத எலும்பும் முறிகிறது. கூட்டத்தை விலக்கி மூவர் மட்டும் அருகிற் செல்ல வேண்டும். ஒருவர் கால்களின் பக்கம் நிற்காமல், முதுகுப் பக்கமாகச் சென்று, கழுத்தின் மேற்பாகத்தை மெல்ல அழுத்தித் தலையைத் தரையோடு வைத்துக்கொண்டு, கண்ணை ஒரு துணியால் மூட வேண்டும். தலையைத் தூக்க இயலாத குதிரை எழ முயலாது. மற்ற இருவரும் வார்களை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்க இயலாவிடில் அறுத்துவிட வேண்டும். பின்னர் குதிரையை வண்டியிலிருந்து இழுக்காமல், வண்டியைக் குதிரையிடமிருந்து பின்னுக்குத் தள்ளிவிட வேண்டும். வழி தெளிவான பின் தலையை விட்டால் அது தானாகவே முன்னங்கால்களை நீட்டி எழும்.

எழுந்த குதிரை ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் தொங்கவிட்டாலும், கால் இயல்புக்கு மாறாக வளைந்திருந்தாலும், அதை ஓர் அடி கூட நடத்தலாகாது. காலைச் சுற்றிப் பஞ்சைக் கனமாக வைத்துத் துணியால் சுற்றி, அதன் மேல் இரண்டு மூங்கிற் பட்டைகளைக் குளம்பிலிருந்து அடிபட்ட இடத்திற்கு மேலுள்ள மூட்டைத் தாண்டும்படி வைத்துக் கட்டி, வைத்தியர் வரும் வரை அசையாமல் நிறுத்த வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தால் நடமாடும் மிருக வைத்திய வண்டியின் உதவி கிடைக்கும். பந்தயம் நடத்துவோர் அந்த வண்டியையோ மிருக வைத்தியரையோ பந்தயத்திற்கு முன்னரே ஏற்பாடு செய்துவிடுதல் நலம்.

இவ்விடத்திற் கடினமான ஒரு விஷயத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. குதிரை பல மாதம் மூன்று கால்களில் நிற்கும் பிராணியன்று. நல்ல காலின் மேல் பாரம் ஏறி அந்தக் குளம்பும் கெட்டுவிடுகிறது. ஆதலின் பெரிய எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு முறிந்தால் அநேகமாய்ப் பிழைக்க வழியில்லை. அத்தகைய குதிரையைச் சாகும் வரை வேதனையோடு கிடத்தி வைப்பது தர்மமாகாது. வைத்தியரின் சான்றின் பேரில் அதன் துன்பத்தை மருந்தினால் முடித்து வைப்பதை 1960-ம் வருஷத்துச் சட்டத்தின் 13-ம் பிரிவு அநுமதிக்கிறது. பாவம் என்று அஞ்சிச் சிலர் இதற்கு இணங்குவதில்லை. அத்தகையோர், வேதனையை அநுபவிப்பது தாமன்று, குதிரையே என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வெப்பத்தால் களைப்புற்ற குதிரை

குதிரை மனிதரைப் போல் வியர்வையினாலேயே உடலைக் குளிர்விக்கிறது. கடும் வெயிலில் ஓடும் குதிரைக்கு மணிக்கு 10 லிட்டருக்கு மேலும் வியர்வை வெளியேறக் கூடும். அதில் உப்பு மிகுதி. உடல் வெப்பம் 104 டிகிரியைத் தாண்டி, சுவாசம் தணியாமல், தள்ளாடி நின்றால் அபாயம் நெருங்கிவிட்டதென்று அறிக.

"சூடான குதிரையின் மேல் குளிர்ந்த நீர் ஊற்றினால் நரம்பு இழுத்துக்கொள்ளும்" என்பது நம் நாட்டிலும் மேல்நாட்டிலும் நெடுநாளாக வழங்கிய நம்பிக்கை. 1996-ம் வருஷத்து அட்லாண்டா ஒலிம்பிக் போட்டிகளுக்கு முன்னர், அவ்வூரின் புழுக்கத்தைக் கருதி நடத்தப்பெற்ற ஆராய்ச்சிகள் இந்நம்பிக்கை தவறென்று காட்டின. ஆகவே உடனே நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் நிறுத்தி, கழுத்து, மார்பு, விலா, தொடை எங்கும் தண்ணீரைத் தாராளமாக, இடைவிடாமல் ஊற்ற வேண்டும். வெப்பம் 102 டிகிரிக்கு இறங்கும் வரை இதை நிறுத்தலாகாது. ஈரச் சாக்கைப் போர்த்தி மூடிவிடக் கூடாது. அது உடலின் சூட்டை வெளியேற விடாது.

குடிக்கத் தண்ணீரை மறுக்க வேண்டுவதில்லை. 10 லிட்டர் வாளியில் 90 கிராம் கறியுப்பைக் கரைத்து ஒன்றும், வெறும் தண்ணீராக ஒன்றும் வைத்து, சில லிட்டர்கள் வீதம் அடிக்கடி குடிக்கவிடலாம். வாயில் புட்டியைச் செருகி ஊற்றலாகாது. நீர் நுரையீரலில் இறங்கிவிடும். இளைப்பு முற்றும் தணிந்து ஓரிரு மணி நேரமாகும் வரை கொள்ளும் தானியமும் தருதல் கூடாது. முதலிற் புல்லே கொடுக்க வேண்டும். குதிரைக்கு வாந்தி எடுக்கும் சக்தி இல்லையாதலின், வயிற்றில் தங்கிய தீனி பொருமினால் குடல் வலி கண்டு உயிருக்கே மோசமாகும். தரையைக் காலால் பறிப்பதும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், படுத்துப் புரள்வதும் குடல் வலியின் அடையாளங்கள்.

பந்தயத்திற்கு முன் சில நாள் ஓய்வு கொடுத்து, அந்நாட்களிற் கொள்ளை மட்டும் குறைக்காமல் போட்டு வருவோர் உண்டு. அத்தகைய குதிரை ஓடத் தொடங்கியதும் பின்தொடைத் தசைகள் கட்டையாகி, நடக்க இயலாமல் வியர்த்து, காப்பி நிறமாகச் சிறுநீர் கழிக்கும். இதைக் கண்டால் நடத்தாமல் நின்ற இடத்திலேயே வைத்து வைத்தியரை அழைக்க வேண்டும். ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாகக் குறைப்பதே இந்நோய்க்குத் தடுப்பு.

காயங்களும் தனுர்வாதமும்

இரத்தம் பெருகும் காயத்தின் மேல் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைக்க வேண்டும். பெருக்கு நின்றபின், லிட்டருக்கு 9 கிராம் உப்பிட்டுக் கொதிக்க வைத்து ஆறிய நீரால் தாராளமாகக் கழுவ வேண்டும். சாணம், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், வண்டி மை முதலியவற்றைப் பூசுதல் கூடாது. மூட்டின் மேல் உள்ள காயம் ஒரு புளியங்கொட்டை அளவேயாயினும் அதைச் சிறிதென்று எண்ணலாகாது. மூட்டுக்குள் அழுக்குப் புகுந்துவிட்டால் குதிரை ஆயுளுக்கும் நொண்டியாகும். ஒரு நாளைக்குள் சிகிச்சை தொடங்கினாலே குணமாக இடமுண்டு.

வளர்ப்புப் பிராணிகளில் தனுர்வாதத்திற்கு மிக எளிதில் இரையாவது குதிரை. அக்கிருமியின் வித்துக்கள் லாயத்து மண்ணிலும் சாணத்திலும் நிறைந்திருக்கின்றன. குளம்பில் ஏறிய ஓர் ஆணியே போதும். காது விறைத்து, வால் நீண்டு, கண்ணின் உட்சவ்வு குறுக்கே வந்து மறைத்து, மரக்குதிரையைப் போல் நான்கு கால்களையும் அகற்றி நின்றால் நோய் கண்டுவிட்டதென்று அறியலாம். அதன் பின் பிழைப்பது அரிது. ஆனால் முன்கூட்டியே தடுப்பூசி போட்டு வந்தால் இந்நோய் பெரும்பாலும் வருவதில்லை. தடுப்பூசி போட்டதற்கான சீட்டு இல்லாத குதிரையைப் பந்தயத்திற் சேர்ப்பதில்லை என்று ஊரார் ஒரு விதி செய்துகொண்டால், அதுவே பல குதிரைகளைக் காப்பாற்றும். பிராணிகளுக்கு வேண்டிய தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கும் அரசாங்க நிலையம் 1932-ம் வருஷம் முதல் நம் ராணிப்பேட்டையிலேயே இருந்து வருகிறது. தடுப்பூசி என்பது நம் ஜில்லாவுக்கு அந்நியமான விஷயமன்று.

தசைநாண் பிசகினால், முதல் இரண்டு மூன்று நாட்கள் தினம் பல தடவை 15 அல்லது 20 நிமிஷம் குளிர்ந்த நீர் பாய்ச்சிப் பஞ்சு வைத்துக் கட்ட வேண்டும். வீக்கம் இரண்டு வாரத்தில் வாடிவிடும். வீக்கம் வாடியதும் குதிரை சுகமாகிவிட்டதென்று எண்ணிப் பூட்டுவதே வழக்கமாக நேரும் பெரும் பிழை. உள்ளே அறுந்த நார்கள் வலுப்பெற 9 முதல் 12 மாதம் ஆகின்றது. முதலில் லாயத்தில் ஓய்வு, பின்னர் கையிற் பிடித்து நாளுக்குச் சில நிமிஷ நடை, மாதந்தோறும் சிறிது கூட்டுதல் என்ற முறையைப் பொறுமையாகக் கைக்கொள்ளுதல் வேண்டும்.

அஞ்சிய குதிரையைத் தேற்றுதல்

காயம் ஆறிய பின்னரும் சில குதிரைகள் வண்டியைக் கண்டால் நடுங்குகின்றன. மேளச் சத்தம் கேட்டால் அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. பின்னால் யாரேனும் வந்தால் உதைக்கின்றன. எஜமானர் இதைப் பிடிவாதம் என்றும், துஷ்டத்தனம் என்றும் கருதிச் சாட்டையை எடுக்கின்றார். அல்லது வந்த விலைக்கு விற்றுவிடுகிறார். வாங்கியவர் விவரம் அறியாமற் பூட்டி, இரண்டாவது விபத்துக்கு ஆளாகிறார்.

குதிரை காட்டில் புலிக்கும் ஓநாய்க்கும் இரையாக வாழ்ந்த ஜாதி. அதற்குக் கொம்பில்லை, ஓட்டமே அதன் ஆயுதம். தலையின் இரு பக்கத்திலும் அமைந்த கண்களால் ஏறக்குறைய சுற்றிலும் காண்கிறது. எனினும் நெற்றிக்கு நேர் முன்னும், வாலுக்கு நேர் பின்னும் உள்ளதைக் காண இயலாது. ஒருமுறை எங்கே துன்பம் நேர்ந்ததோ, அவ்விடத்தையும் ஓசையையும் மனிதரையும் நெடுநாள் மறவாமல் வைத்திருக்கிறது. இந்த ஞாபகமே காட்டில் அதன் உயிரைக் காத்தது. ஆகையால் அஞ்சும் குதிரையை அடிப்பது, "இவ்விடத்தில் துன்பம் உண்டு" என்று அது நினைத்ததை மெய்ப்பிப்பதேயாகும். 2,300 வருஷங்களுக்கு முன்னரே குதிரைப் பயிற்சி பற்றி நூல் எழுதிய கிரேக்கராகிய செனபோன் என்பவரும், கோபத்தோடு குதிரையினிடம் செல்லலாகாது என்று வற்புறுத்தினார்.

தேற்றும் முறை வருமாறு:

முதலாவதாக, வலி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூட்டும்போது கடிக்க வரும் குதிரைக்குச் சேணத்தின் அடியில் புண் இருக்கலாம். கடிவாளத்தை மறுப்பதற்கு வாயில் ஆறாத வடு இருக்கலாம். வலி உள்ளவரை பயிற்சி எதுவும் பயன் தராது.

இரண்டாவதாக, தனியே கட்டி வைக்கலாகாது. குதிரை கூட்டமாக வாழும் பிராணி. சாதுவான மற்றொரு குதிரையை, அஃது இல்லாவிடில் ஒரு பசுவையோ ஆட்டையோ, அது காணும்படி அருகிற் கட்டலாம். நாள்தோறும் சில மணி நேரம் வேலியிட்ட தரிசில் அவிழ்த்துவிட்டு மேயவிட வேண்டும். தீனி, தண்ணீர், உலாவுதல் எல்லாம் தினமும் குறித்த வேளையில், ஒரே ஆளின் கையால் நடைபெறட்டும்.

மூன்றாவதாக, அணுகும் விதம். குரல் கொடுத்துக்கொண்டு தோட்பட்டைக்கு நேராக, மெதுவாகச் செல்ல வேண்டும். முகத்தைத் தட்டாமல், கழுத்தும் முதுகும் சேரும் திமில் பாகத்தைச் சொறிந்து கொடுக்க வேண்டும். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் இடம் அதுவே. அவ்விடத்தைச் சொறியும்போது நாடித்துடிப்பு குறைவதை 1993-ம் வருஷத்தில் பிரான்சு தேசத்து ஆராய்ச்சியாளர் அளந்து கண்டிருக்கின்றனர்.

நான்காவதாக, அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். வண்டிக்கு அஞ்சுமாயின், குதிரை அமைதியாக மேயக்கூடிய தூரத்தில் வெறும் வண்டியை நிறுத்த வேண்டும். சில நாட்களில் இன்னும் சற்று அருகில். பின்னர் பக்கத்திலேயே தீனி. பின்னர் வண்டியைப் பிறர் இழுத்துச் செல்ல, குதிரை அதன் பின்னால் நடத்தல். அதன் பின் சேணம் மட்டும் பூட்டுதல். இறுதியில் ஏர்க்கால்களுக்கு இடையே நிறுத்துதல். காது முன்னோக்கி இருந்து, தலை தாழ்ந்து, வாயை அசைபோட்டால் அடுத்த படிக்குச் செல்லலாம். கண் வெள்ளை தெரிந்து, மூக்குத்துளை விரிந்து, வால் ஒடுங்கினால் முந்திய படிக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு நாளும் கால் மணி நேரம் போதும். அதையும் குதிரை அமைதியாக உள்ளபோதே முடித்துவிட வேண்டும்.

ஐந்தாவதாக, காலத்தைப் பற்றி அவசரப்படலாகாது. சில குதிரைகள் இரண்டு மாதத்தில் தேறும். சில ஒரு வருஷமும் கொள்ளும். சில குதிரைகள் உழவுக்கும், பாரத்துக்கும், சவாரிக்கும் திரும்பினும், பந்தயக் கூட்டத்திற்குத் திரும்புவதேயில்லை. அவற்றைத் திரும்பவும் ஓடவிட வேண்டுமென்ற அவசியமும் இல்லை. விற்பதாயின், குதிரைக்கு நேர்ந்ததை வாங்குபவருக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுவது இரு குடும்பங்களின் உயிரைக் காக்கும்.

கிராம அதிகாரிகளுக்கு

பந்தயத்திற்கு அநுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போது, பாதை, நேரம், வேலி, மிருக வைத்தியர், தண்ணீர், தடுப்பூசிச் சீட்டு, அடிபட்ட குதிரையை ஏற்றிச் செல்லத் தாழ்ந்த தட்டுள்ள வண்டி ஆகிய ஏழும் தயாரா என்று நேரிற் பார்த்து மேலதிகாரிகளுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பந்தயத்தை ஒத்திவைக்கும்படி எழுதத் தயங்கலாகாது. கடைசி நேரத்தில் ஊராரின் மனஸ்தாபத்திற்கு அஞ்சி விட்டுக்கொடுப்பதனாலேயே விபத்துகள் நேருகின்றன. மேலே சொன்னவற்றில் நிழல், நீர், பரிசோதனை, கூட்டத்தை விலக்கி வைத்தல் முதலியன எருதுவிடும் விழாவில் ஓடும் காளைகளுக்கும் அப்படியே பொருந்தும். 2023-ம் வருஷத்துத் தீர்ப்பால் நமக்குக் கிடைத்த அநுமதி விதிகளுக்கு உட்பட்டது. விதிகளை மீறுவோர் தம் ஊர்த் திருவிழாவுக்கே தடை தேடிக்கொள்வோராவர்.

நம் ஊர் அய்யனார் கோவில்களில் மண் குதிரைகளைச் செய்து நிறுத்தி, ஆண்டுதோறும் வர்ணம் தீட்டி மரியாதை செய்கிறோம். உயிருள்ள குதிரைக்கு அதனினும் அதிக மரியாதை செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம். அடுத்த திருவிழாவுக்கு முன் குதிரையோ பந்தயக் காளையோ வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அருகிலுள்ள மிருக ஆஸ்பத்திரிக்கு அதைக் கொண்டு சென்று தனுர்வாதத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, நாடி பார்க்கவும் உடல் வெப்பம் அளக்கவும் வைத்தியரிடமே கற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.